மிச்சம் எங்கே போகும்?

மறுசுழற்சித் தொழிற்பூங்கா பற்றிப் போன இதழில் நான்கு வரியில் ஒரு பதில் எழுதியிருந்தேன். நான்கு வரி போதாது என்று ஏரியூர், நாகமரை, பென்னாகரம், அரூர் பக்கத்து வாசகர்கள் கடிதம் கடிதமாகச் சொல்லிவிட்டார்கள். இந்த வாரப் பக்கம் முழுக்க அவர்களுக்கே.

*

ஆறாம் வகுப்பு மாணவன், ஏரியூர்
தொழிற்பூங்கா என்றால் உள்ளே பூ இருக்குமா?

இருக்காது தம்பி. ஒரே வேலிக்குள் பல தொழிற்சாலைகள். அவற்றுக்குப் பொதுவாகச் சாலை, மின்சாரம், கழிவுநீர் நிலையம். அந்த ஏற்பாட்டுக்குப் பூங்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மறுசுழற்சிப் பூங்காவில் பழைய பேட்டரி, தேய்ந்த டயர், உடைந்த கம்ப்யூட்டர், கழிவு ஆயில், பிளாஸ்டிக் எல்லாம் லாரியில் உள்ளே போகும். ஈயம், செம்பு, எண்ணெய், குருணை என்று விற்பனைக்கு வெளியே வரும். உள்ளே போனது பத்து டன் என்றால் விற்பனைக்கு வருவது பத்து டன் இருக்காது. மிச்சம் எங்கே போகும் என்று உன் அறிவியல் டீச்சரிடம் கேள். அவருக்கும் அது நல்ல பாடம்.

*

இன்வெர்ட்டர் கடைக்காரர், பென்னாகரம்
பழைய பேட்டரியை எடைக்கு எடுத்து அனுப்புகிறவன் நான். மறுசுழற்சி நல்ல காரியம்தானே? அதற்குப் போய் ஆய்வு, கூட்டம், எதிர்ப்பு எதற்கு?

நல்ல காரியம்தான். உங்கள் தொழிலை நான் குறை சொல்லமாட்டேன். மண்ணைத் தோண்டிப் புது ஈயம் எடுப்பதைவிடப் பழைய ஈயத்தை உருக்குவது எவ்வளவோ மேல். ஆனால் உங்கள் கடை வாசலில் அடுக்கியிருக்கும் அந்தப் பேட்டரியையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ஈயத் தகடுகள், தகட்டில் அப்பிய ஈயப் பசை. மூழ்கும் அளவுக்குக் கந்தக அமிலம்.

ஒழுங்கான ஆலையில் இயந்திரம் பெட்டியை உடைக்கும். அமிலத்தைத் தனியே பிடித்து முறிப்பார்கள். உலைப் புகை துணிப்பை வடிகட்டிகளைக் கடந்துதான் புகைபோக்கிக்குப் போகும். வடிகட்டியில் தேங்கிய தூசியும் உலைக் கசடும் அபாயக் கழிவு என்று கணக்கில் ஏறும். ஒழுங்கில்லாத இடத்தில் கோடாரியால் ஒரு போடு. அமிலம் மண்ணுக்கு. தகரக் கொட்டகையில் ராத்திரி அடுப்பு. கசடு பள்ளத்துக்கு. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர் சட்டையில் ஈயத்தூசி இருக்கும்; ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் குழந்தையின் கையில் அது ஒட்டும், கை வாய்க்குப் போகும். குழந்தையின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் வரை பரவாயில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தொடும்.

இரண்டு இடத்துக்கும் வாசலில் ஒரே பலகை: மறுசுழற்சி. எது எந்த ரகம் என்று முன்கூட்டியே பிரித்துப் பார்க்கத்தான் சுற்றுச்சூழல் ஆய்வு.

*

கல்லூரி மாணவி, தருமபுரி
பழங்குடியினர் நிலத்தில் இப்படி ஒரு பூங்கா எங்காவது வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது தங்கை, அமெரிக்காவில். கலிபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கில் மெக்கா என்று ஒரு சிற்றூர். திராட்சையும் பேரீச்சையும் விளையும் பூமி. குடியிருப்பவர்கள் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி விவசாயக் கூலிகள். ஊரை ஒட்டி கபாசோன் என்ற பூர்வகுடிக்குச் சொந்தமான நிலத்தில் மறுசுழற்சிக்கென்று ஒரு தொழிற்பூங்கா. அதில் ஓர் ஆலை, கெட்டுப்போன மண்ணை வாங்கிச் சுத்தம் செய்யும் ஆலை. 2010 டிசம்பரில் ஊரில் துர்நாற்றம் கிளம்பியது. அடுத்த ஆண்டிலும் நின்றபாடில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் தலைவலி, குமட்டல் என்று சுருண்டார்கள். அதிகாரிகள் வாடையின் தடம் பிடித்துப் போனபோது அது இந்த ஆலை வாசலில் போய் நின்றது.

அந்த ஆலைக்கு மாநில அரசின் அபாயக் கழிவு அனுமதியே இல்லை. பூர்வகுடி நிலத்தில் மாநிலச் சட்டம் செல்லாது என்பது சொல்லப்பட்ட காரணம். அங்கே அப்படிப்பட்ட நிலத்தைக் குத்தகைக்கு விட மத்திய அரசு கையெழுத்துப் போடவேண்டும். கையெழுத்துக்கு முன் சுற்றுச்சூழல் ஆய்வு நடக்கவேண்டும் என்பது 1970 முதல் சட்டம். ஆனால் குத்தகை போடும் நாளில் ஒருமுறை பார்ப்பதும், நாள்தோறும் லாரியிலிருந்து எதை இறக்குகிறார்கள் என்று பார்ப்பதும் ஒன்றல்லவே. இரண்டாவதைப் பார்க்க ஆளில்லாமல் போனதால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் மூக்கு அந்த வேலையைச் செய்தது.

*

ஓய்வுபெற்ற ஆசிரியர், பாப்பாரப்பட்டி
அப்படியானால் தவறு அந்தப் பழங்குடி மக்கள் மேல்தானே? நிலத்தைக் கொடுத்தது அவர்கள்தானே?

நல்ல மண்ணையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு, வறண்ட மூலையில் ஒதுக்கிவைத்து, அதன்பிறகு குப்பையோடு வந்து "வருமானம் தருகிறோம்" என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு ஆம் சொன்னவர் மேல் முதல் பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை ஐயா. தங்கள் நிலத்தில் என்ன வரவேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அந்த உரிமையின் நிழலில் கண்காணிப்பு இல்லாமல் ஆலை நடத்தலாம் என்று கணக்குப் போட்டவர்களைத்தான் கேட்கவேண்டும்.

*

பால் சொசைட்டி உறுப்பினர், ஏரியூர்
இங்கே ஆய்வறிக்கை எழுதுகிறவருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?

ஆலை கட்ட வருகிறவர்தான்.

அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனம்தான் எழுதலாம் என்று விதி இருக்கிறது. பணம் வருவது ஒரே பையிலிருந்து. அதனாலேயே ஊர் அந்த அறிக்கையை வரி விடாமல் வாசிக்கவேண்டும். உங்கள் பாலில் கொழுப்பு எவ்வளவு என்று சொசைட்டி மெஷினில் ஊற்றும்போது பக்கத்தில் நின்று பார்க்கிறீர்கள் அல்லவா, அந்தப் பார்வை போதும்.

*

சட்டக் கல்லூரி மாணவர், தருமபுரி
இந்தியாவில் மறுசுழற்சிப் பூங்காவுக்கு எந்தச் சட்டம்? ஓட்டை எங்கே?

1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2006 செப்டம்பர் 14 அன்று வந்த அறிவிக்கை. எந்தெந்தத் திட்டத்துக்கு முன்அனுமதி வேண்டும் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. தொழிற்பூங்காவும் பட்டியலில் இருக்கிறது. ஆனால் 500 ஹெக்டேருக்குள், அதாவது சுமார் 1,235 ஏக்கருக்குள் இருந்து, பட்டியலில் உள்ள எந்தத் தொழிலும் உள்ளே இல்லை என்றால் பூங்காவுக்கு அந்த அனுமதியே தேவையில்லை. ஈயம் உருக்கும் ஆலை பட்டியலில் உண்டு. பிளாஸ்டிக்கை அரைத்துக் குருணையாக்கும் ஆலைக்கு அதில் இடமில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வாங்கினால் போதும்.

இப்போது நீங்கள் கேட்ட ஓட்டைக்கு வருகிறேன். முறைப்படி அனுமதி பெற்ற பூங்காவுக்குள் பிறகு வரும் தொழிற்சாலைக்கு, பூங்காவின் அனுமதி அதைத் தடுக்காத வரை, மக்களிடம் மறுபடியும் கருத்துக் கேட்கத் தேவையில்லை என்று அதே அறிவிக்கை விலக்குத் தருகிறது. அதாவது ஊர் பேசுவதற்கு ஒரே ஒரு நாள். அன்றைக்கு மேடையில் வரைபடம் மட்டும் இருக்கும். மனை எண் 14-ல் யார் வருவார் என்று கேட்டால் "இன்னும் ஒதுக்கவில்லை" என்பார்கள். மூன்று வருடம் கழித்து மனை எண் 14-ல் ஈய உலை வரலாம், கழிவு ஆயில் காய்ச்சும் ஆலை வரலாம். அப்போது யாரும் ஷாமியானா போட்டு உங்களை அழைக்கமாட்டார்கள்.

சாதாரணத் தொழிற்பேட்டைக்கு இந்த விலக்கில் ஒரு நியாயம் இருக்கலாம். சட்டை தைக்கிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கூட்டம் நடத்த முடியாது. மறுசுழற்சிக்கு அது பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம். டயருக்குக் கரித்தூள், பேட்டரிக்கு ஈயம், கம்ப்யூட்டர் பலகைக்கு அமிலம் என்று உள்ளே வரும் சரக்கை வைத்துத்தான் ஆபத்தின் முகமே மாறும். ஆகவே அந்த ஒரே நாளில், எந்தெந்தத் தொழில் இந்த வேலிக்குள் வரவே கூடாது என்ற பட்டியலை அனுமதியின் நிபந்தனையாக எழுதிவாங்கவேண்டும். பூங்காவின் அனுமதி தடுத்திருந்தால் விலக்கும் கிடையாது. சட்டம் படிக்கிறவர் நீங்கள். இதை ஊருக்கு எடுத்துச் சொல்வது உங்கள் முதல் வழக்காக இருக்கட்டும்.

*

தேநீர்க் கடை நடத்துபவர், பெரும்பாலை
கருத்துக் கேட்புக் கூட்டத்தை எல்லோரும் சேர்ந்து புறக்கணித்தால் திட்டம் நின்றுவிடாதா?

நிற்காது. கூட்டம் தொடங்க இத்தனை பேர் வந்திருக்கவேண்டும் என்ற கணக்கே கிடையாது. அறிவிக்கையே அப்படித்தான் சொல்கிறது. நீங்கள் போகாத கூட்டத்தில் போனவர் சொன்னது ஊரின் குரலாகப் பதிவாகிவிடும். போங்கள், கடைக்கு அன்றைக்கு ஒருவேளை விடுமுறை விட்டாவது.

*

அங்கன்வாடிப் பணியாளர், பென்னாகரம் வட்டம்
அறிக்கை ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கம். எங்களுக்கு எப்படிப் புரியும்?

சுருக்கம் தமிழில் தரவேண்டும், அது விதி. கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாகத் தமிழ் நாளிதழில் விளம்பரம் வரவேண்டும். முழு அறிக்கை கலெக்டர் அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் பார்வைக்கு இருக்கவேண்டும். 2020-ல் அந்த 2006 அறிவிக்கையையே மாற்றி எழுத வரைவு வந்தபோது அது ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருந்தது. அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் தரவேண்டும் என்று அந்த ஆண்டு ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது.

ஆனால் தமிழில் இருப்பதும் தமிழில் புரிவதும் வேறு வேறு. நான் போயிருந்த ஒரு கூட்டம் நினைவுக்கு வருகிறது, ஊர் பெயர் வேண்டாம். பந்தல், நாற்காலி, தண்ணீர் பாட்டில், மூலையில் வீடியோ கேமரா. ஆலோசகர் ஒருவர் "நுண்துகள்மப் பொருட்களின் தரைமட்டச் செறிவு" என்று கால்மணி நேரம் வாசித்தார். எல்லாம் தமிழ்தான். முன்வரிசையில் மடியில் வெற்றிலைப் பையோடு இருந்த ஒரு பாட்டி எழுந்தார். "ஏஞ்சாமி, நான் களத்துல சாமை காயப்போடுவேன். நீ சொல்ற அந்தத் தூசி அதுல வுழுமா, வுழாதா?" என்றார். ஆலோசகர் பேசுவதை நிறுத்தினார். காகிதங்களைப் புரட்டினார். அந்தப் பாட்டியின் களம் அறிக்கையில் எங்கேயும் இல்லை. ஆலைக்கும் களத்துக்கும் எவ்வளவு தூரம், காற்று எந்த மாதத்தில் எந்தப் பக்கம் வீசும், அறுப்பு எந்த மாதம் என்று அவர்கள் சேர்த்துப் பார்க்கவே இல்லை. அன்று மாலை கேமராவில் பதிவானவற்றில் எனக்கு நினைவிருக்கிற ஒரே கேள்வி அதுதான்.

அறிக்கையின் எல்லாப் பக்கமும் உங்களுக்குப் புரியவேண்டியதில்லை அம்மா. உங்கள் அங்கன்வாடி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். இல்லை என்றால் அதையே சொல்லுங்கள்.

*

நிலக்கடலை விவசாயி, ஏரியூர்
எங்கள் போர் தண்ணீரே உப்பும் கசப்பும். இதற்கு மேல் கெட என்ன இருக்கிறது?

இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணுக்கடியில் பாறையிலேயே ஃப்ளோரைடு. குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் அது போகக்கூடாது. மேலே போனால் முதலில் பல்லில் பழுப்புக் கறை, பிறகு எலும்பில் வலி. இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சிரிக்கச் சொன்னால் பாதிப் பேர் கையால் வாயை மூடிக்கொள்ளும் காலம் ஒன்று இருந்தது. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-ல் தண்ணீர் விட்டது.

ஆய்வு எழுதுகிறவர்கள் வழக்கமாகத் திட்டத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள், மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்துக்கு, சில கிணறுகளில் தண்ணீர் எடுத்துச் சோதிப்பார்கள். உங்கள் தண்ணீர் ஏற்கெனவே மோசம் என்று அதில் வரும். அந்த வரி இரண்டு விதமாகப் பயன்படும். ஏற்கெனவே சுமை ஏறிய உடம்பு, இன்னொரு சுமை தாங்காது என்று நியாயமான ஆய்வாளர் எழுதுவார். நாளைக்குக் கிணற்றில் ஏதாவது தெரிந்தால் "இது முன்னாடியே கெட்ட தண்ணீர்" என்று சொல்ல ஆலை அதையே சாட்சியாக வைத்துக்கொள்ளும். ஆகவே ஃப்ளோரைடும் உப்பும் பார்த்தால் போதாது, ஈயம், காட்மியம், குரோமியம், எண்ணெய்க் கசிவு எல்லாவற்றையும் ஆலை வருமுன்னே உங்கள் கிணற்றில் அளந்து எழுதச் சொல்லுங்கள். ஒரு நகல் உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பட்டாவோடு இருக்கட்டும்.

*

மீனவர், நாகமரை
ஆலை மேட்டில், எங்கள் நீர்த்தேக்கம் பள்ளத்தில். நடுவில் பல மைல். எங்களை யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்களா?

நடுவில் ஓடைகள் இருக்கின்றனவே. மேட்டில் பெய்த மழை பள்ளத்துக்குத்தான் வரும். திறந்தவெளியில் குவித்த பழைய சரக்கு மேல் பெய்த முதல் மழை என்னவெல்லாம் கழுவிக்கொண்டு இறங்கும் என்பதை, பழைய இரும்புக் கடை வாசலில் மழைக்குப் பிறகு தேங்கும் நீரின் நிறத்தில் பார்த்திருப்பீர்கள். உங்கள் நீர்த்தேக்கத்தைத் தேக்கி நிறுத்தும் மேட்டூர் அணை 1934-ல் திறக்கப்பட்டது. 120 அடி நிறைந்தால் 93.47 டி.எம்.சி. அந்தத் தண்ணீர் உங்கள் வலையைக் கடந்துதான் டெல்டாவுக்குப் போகிறது. எதிர்க்கரைப் பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலை தலைகாட்டும் அளவுக்கு நீர் வற்றும் கோடையில், கொஞ்ச விஷமும் கொஞ்சத் தண்ணீரில் கெட்டியாக நிற்கும்.

உங்கள் கையில் ஒரு பிடி இருக்கிறது. அதிகம் மாசுபடுத்தும் தொழில்கள் நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கூடாது என்று 1989-ல் அரசாணை 213 வந்தது. 1998-ல் அரசாணை 127 அந்தத் தூரத்தைக் காவிரி முதலான ஆறுகளுக்கும் துணையாறுகளுக்கும் 5 கிலோமீட்டர் ஆக்கியது. தூரத்தை ஆற்றின் நடுவிலிருந்து அளக்கிறார்களா, நீர்த்தேக்கம் நிறைந்து நிற்கும் கரையிலிருந்தா என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். நிறைந்த நாளில் தண்ணீர் எந்தப் புளியமரம் வரை ஏறும் என்று உங்களைவிட எந்த வரைபடத்துக்குத் தெரியும்?

*

இருளர் குடியிருப்பிலிருந்து ஒருவர், பென்னாகரம் வட்டம்
எங்களுக்குப் பட்டா இல்லை. கூட்டத்தில் நாங்கள் பேசலாமா?

பேசலாம். பட்டா இருக்கிறதா என்று யாரும் கேட்க முடியாது. பாதிக்கப்படுகிற உள்ளூர்வாசி என்பது போதும்.

பட்டா இல்லாதது உங்கள் குற்றமும் அல்ல. வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் உரிமைப் பத்திரம் வழங்குவது 2008 முதல் முடங்கிக் கிடந்து, 2016-ல் உச்ச நீதிமன்றம் வழிவிட்ட பிறகுதான் நகர்ந்தது. காட்டில் தேன் எடுப்பது, கிழங்கு தோண்டுவது, ஆடு மேய்ப்பது, சாமி கும்பிடும் இடம் எல்லாமே அந்தச் சட்டத்தில் உரிமைதான். வீட்டு மனை மட்டும் அல்ல. ஆய்வறிக்கையில் "தரிசு, ஆட்கள் இல்லை" என்று ஒரு வரி வரும் இடத்தில்தான் உங்கள் தேன் மரம் நிற்கும். போவதற்கு முன் ஒரு காகிதத்தில் அந்த மரங்களையும் ஊற்றுகளையும் தடங்களையும் நீங்களே வரைந்து எடுத்துப் போங்கள். அழகாக இருக்கவேண்டியதில்லை.

*

கிராம சபை உறுப்பினர், சித்தேரி
ஒடிசாவில் கிராம சபை சொல்லி ஒரு பெரிய சுரங்கமே நின்றது என்கிறார்களே, நமக்கு அது நடக்குமா?

நியமகிரி. 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் கிராம சபைகளே தீர்மானிக்கட்டும் என்றது. டோங்ரியா கோந்த் பழங்குடியினர் உள்ளிட்ட மலைமக்களின் 12 கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. நின்றது.

நமக்கு வழி கொஞ்சம் கடினம். தமிழ்நாட்டில் அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணையின் கீழ்ப் பழங்குடிப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடம் ஒன்றுகூட இல்லை. அதனால் 1996-ஆம் ஆண்டுப் பழங்குடிப் பகுதி ஊராட்சிச் சட்டம் சித்தேரிக்கும் இல்லை, வத்தல்மலைக்கும் இல்லை. மலையாளிப் பழங்குடி மக்கள் இவ்வளவு பேர் வாழும் மாவட்டத்துக்கு இது இழைக்கப்பட்டிருக்கும் அநியாயம் என்றே சொல்வேன். இருப்பது வன உரிமைச் சட்டமும் நம் ஊராட்சிச் சட்டத்தின் கிராம சபையும். ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தைத் திட்டம் வருமுன் போடுங்கள், நகல் வாங்குங்கள், கருத்துக் கேட்பில் கலெக்டர் கையில் கொடுங்கள்.

*

பெயர் வேண்டாம் என்று கேட்ட பெண், அரூர் வட்டம்
அதிகாரிகள் ஜீப் வந்தாலே எங்கள் ஊர் கதவடைத்துக்கொள்ளும். மேடையில் ஏறி அவர்கள் முன்னால் எப்படிப் பேசுவது?

உங்கள் பயத்துக்குத் தேதி இருக்கிறது அம்மா: 1992 ஜூன் 20, வாச்சாத்தி. அந்தப் பழங்குடி ஊரில் சீருடை போட்டவர்கள் செய்த கொடுமையில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர்; 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தபோது உயிரோடிருந்த எல்லோரும் குற்றவாளிகள் ஆனார்கள். 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். 2023-ல் அதே செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முப்பத்தொரு வருடம். "தைரியமாகப் பேசுங்கள்" என்று சென்னையில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்குச் சொல்ல நான் யார்?

சில வழிகளைச் சொல்கிறேன். கூட்டம் திட்ட இடத்திலோ அதற்கு மிக அருகிலோதான் நடக்கவேண்டும். தாலுகா ஆபீசில் வைத்தால் உங்கள் ஊருக்கு மாற்றச் சொல்லலாம். மேடை ஏறாமல் எழுதிக் கொடுத்தாலும் அதே மதிப்பு. பத்துப் பெண்கள் ஒரே காகிதத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாச்சாத்திப் பெண்கள் சாட்சிக் கூண்டில் நின்று பேசி வென்றவர்கள் என்பதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

*

பெங்களூருவில் கட்டட வேலை செய்பவர், சொந்த ஊர் ஏரியூர் பக்கம்
ஆலை வந்தால் ஊரிலேயே வேலை கிடைக்கும். நீங்கள் அதையும் கெடுத்துவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பொங்கலுக்கும் ஆடிக்கும் மட்டும் பிள்ளை முகம் பார்க்கிறவர் எழுதிய கடிதம். வேலை வேண்டாம் என்று நான் ஒருநாளும் எழுதமாட்டேன்.

ஆனால் என்ன வேலை என்று கேட்போம். அறிக்கையில் வேலை எண்ணிக்கை ஒரு வரியில் இருக்கும். அதில் நிரந்தரம் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை, உள்ளூர்க்காரருக்கு எத்தனை? உலைக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கு முகமூடி யார் தருவார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் ஈயம் பார்ப்பார்களா, பார்த்த சீட்டு அவர் கைக்கு வருமா? வேலை முடிந்து குளித்து உடை மாற்றிப் போக இடம் உண்டா? இவற்றை எழுதித் தருகிற ஆலை என்றால் நான் உங்களோடு சேர்ந்து வரவேற்கிறேன். பெங்களூரு சாரத்தில் உங்கள் உயிரைப் பணயம் வைத்தது போதாதா, ஊருக்குத் திரும்பியும் அதையேவா வைப்பது?

*

குடும்பத் தலைவி, மேச்சேரி
காயலான் கடைக்குப் போகும் பொருளில் அப்படி என்ன பெரிய ஆபத்து?

கொடைக்கானலைக் கேளுங்கள். இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் ஆலையில் உடைந்த கண்ணாடி, பாதரசம் ஒட்டியபடியே மூஞ்சிக்கல் பழைய சாமான் கடைக்குப் போயிருந்தது. 2001 மார்ச்சில் ஊர்க்காரர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள், 7.4 டன். ஆலை மூடப்பட்டது. மண்ணைச் சுத்தம் செய்யும் பேச்சு அதன்பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓடியது. கடைக்காரருக்கு அது வெறும் கண்ணாடி.

*

வழக்கறிஞர், பென்னாகரம்
ஆலையைக் கட்டி முடித்துவிட்டு அனுமதி கேட்டால்?

2025 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் அதற்குக் கதவை மூடியது. அதே ஆண்டு நவம்பர் 18 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. முன்அனுமதி என்ற சொல்லில் "முன்" என்பதற்குப் பொருள் வேண்டும் என்ற கட்சியில்தான் நான் இருக்கிறேன். தாலி கட்டிய பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்பதை நம் ஊரில் யார் சம்மதம் என்பார்?

*

நூலகர், ஏரியூர்
அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றால் ஊர் கையைப் பிசைந்துகொண்டு உட்காரவேண்டியதுதானா?

வேண்டாம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அனுமதி தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு. தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். 91-ஆம் நாள் போனால் கதவு திறக்காது. அனுமதி கிடைத்ததும் உள்ளூர் நாளிதழ்கள் இரண்டில் ஆலை விளம்பரம் தரவேண்டும். அந்தப் பக்கத்தை வெட்டி உங்கள் நூலகத்தில் ஒட்டிவையுங்கள். பிறகு ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினோம் என்று ஆலை அறிக்கை தரவேண்டும். அது பொது ஆவணம். போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகளில் இருவரை அதைப் படிக்கச் சொல்லுங்கள். உள்ளே வந்த சரக்கு, வெளியே போன பொருள், அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்பிய மிச்சம். மூன்றையும் கூட்டிக் கழித்துப் பார்க்க ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும். கணக்கு இடித்தால், இடிக்கிற அந்த டன்கள் உங்கள் ஊர்ப் பள்ளத்தில்தான் எங்கோ கிடக்கின்றன.

*

ஆடு வளர்க்கும் பாட்டி சொல்ல, பேத்தி எழுதியது, நாகமரை
எனக்கு மேடைப் பேச்சு வராது. மைக் கொடுத்தால் என்ன பேச?

உங்கள் ஆடு எத்தனை, எந்த ஓடையில் தண்ணீர் குடிக்கும், அது எந்த மாதம் வற்றும் என்று சொல்லுங்கள் பாட்டி. லாரி எந்தப் பாதையில் வரும், எத்தனை வரும், ராத்திரியிலும் வருமா என்று கேளுங்கள். மழை நாளில் சரக்கு மேல் கூரை இருக்குமா என்று கேளுங்கள். மிச்சம் எங்கே போகும் என்று கேட்டு, ஊர் பெயரைச் சொல்லும்வரை மைக்கைக் கொடுக்காதீர்கள்.

கூட்டம் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். அன்றைக்கு யார் என்ன கேட்டார்கள் என்பதை அதிகாரி அங்கேயே, எல்லோர் முன்னாலும், தமிழில் வாசித்துக் காட்டவேண்டும், அது விதி. உங்கள் ஓடை அதில் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். வரவில்லை என்றால் பேத்தியை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். கையெழுத்து அழகாக இருக்கிறது அவளுக்கு, குரலும் நன்றாகத்தான் இருக்கும்.